பட்டறை தந்த கல்வி

கோவை அவிநாசி சாலையில் ‘ஹோப் காலேஜ்’ என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. அப்பெயர் தாங்கிய கல்லூரி இன்று அங்கே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு விலகிய ஒருவர் பொறியியல் கல்விக்கு இடம் தந்ததன் அடையாளம் அது. அவரே ஜி.டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் உழவர் குடும்பத்தில் துரைசாமி பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படிப்பு பிடித்திருந்தது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அவர் வாழ்வு முழுவதிலும் காணலாம். தமிழ் நூல்களைத் தாமே தேடிப் படித்தார்.

ஒருநாள் அவ்வழியே வந்த ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடோ குதிரையோ இன்றி ஓடும் வண்டி அவரை உறங்கவிடவில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார், காசு சேர்த்தார், 300 ரூபாய்க்கு அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதில் ஏறி ஊரைச் சுற்றவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். பல நாள் உழைப்பின் பயன் இரும்புத் துண்டுகளாகத் தரையில் கிடந்ததைக் கண்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கோ அதுவே பள்ளிக்கூடம்.

தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்சின் உதவியோடு 1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டி யு.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது. வண்டிகள் பெருகியபோது அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் தேவைப்பட்டன. அத்தகையோரை அக்காலத்தில் எந்தப் பள்ளியும் உருவாக்கித் தரவில்லை. பணிமனையிலேதான் அவர்கள் உருவாக வேண்டியிருந்தது. 1937இல் டி. பாலசுந்தரத்துடன் இணைந்து மின் மோட்டார் உற்பத்தியில் இறங்கினார். கோவை இன்று மோட்டாருக்கும் நீரேற்றும் பம்புக்கும் பெயர் பெற்று விளங்குவதில் அம்முயற்சிக்கும் பங்குண்டு.

தொழிலும் பயிற்சியும் ஒரு கூரையின்கீழ் நடக்க முடியும் என்பதற்கு அந்நகரிலேயே முன்னுதாரணம் இருந்தது. 1926இல் தொடங்கப்பெற்ற பூ.சா.கோ. தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருள் செய்யும் ஆலையே பயிலும் இடமாகவும் இருந்தது. நாயுடு இன்னும் ஒருபடி மேலே செல்ல விரும்பினார். சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் 1945இல் பலதொழிற்பயிற்சிப் பள்ளியும் தொழில்நுட்பக் கல்லூரியும் அமைய வழிவகுத்தார். கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார்.

முரண்பாடு இங்கேதான் எழுந்தது. பொறியியல் படிப்புக்கு நான்காண்டுகள் தேவையில்லை, பட்டறையில் முறையாகப் பயிற்றுவித்தால் அதைப் பெரிதும் சுருக்கலாம் என்பது நாயுடுவின் கொள்கை. அரசு அதற்கு இசையவில்லை; அவர் விலகினார். கல்லூரி பின்னர் வேறிடத்துக்கு மாறி, இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. அவரோ குறுகிய காலப் பயிற்சிகளைத் தாமே நடத்தத் தொடங்கினார்.

இவ்வழக்கில் அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பாலம் கட்டுபவருக்குக் கணிதம் வேண்டும்; அதனைத் திருகுமுடுக்கி மட்டும் கற்றுத் தராது. ஆனால் மோட்டாருக்குக் கம்பி சுற்ற வேண்டிய இளைஞனையும் பாலம் கட்டுபவரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டுமா என்ற நாயுடுவின் வினாவை அரசின் மறுப்பு தீர்த்துவிடவில்லை.

கடலூர், சிதம்பரம் பகுதி மாணவர்க்கு இது தொலைவூர்ச் செய்தியன்று. அதே 1945இல்தான் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்வி தொடங்கிற்று. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை அதற்கும் வெகுகாலம் முன்பே இயங்கி வந்தது. நெய்வேலியில் 1957இல் நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். கல்லூரியும் ஆலையும் சுரங்கமும் ஒரே வட்டாரத்தில் இருந்தன. அவற்றுக்கும் பள்ளி மாணவனுக்கும் இடையே பாதை ஒன்றே வேண்டியிருந்தது. 1961இல் இயற்றப்பெற்ற தொழிற்பழகுநர் சட்டம், நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்து உதவித்தொகையுடன் பயிற்றுவிக்கும் கடமையை வரையறுத்தது. நெய்வேலி நிறுவனம் இன்றும் ஆண்டுதோறும் பழகுநர்களைச் சேர்த்து வருகிறது.

நாயுடு தம் இறுதிக் காலம் வரை கருவிகளோடே வாழ்ந்தார். தாம் உருவாக்கியவற்றையும் பிற நாடுகளிலிருந்து திரட்டியவற்றையும் கோவையில் காட்சிக்கு வைத்தார். 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்துக்குப் பள்ளி மாணவர்கள் இன்றும் வரிசையில் நின்று செல்கின்றனர்.