தூக்கிவிட்ட கை

பட்டறையானாலும் பள்ளியானாலும், அலுவலகமானாலும் அரண்மனையானாலும், ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். மேலே இருப்பவர் ஒருவர். கீழே இருந்து மேலேறத் துடிப்பவன் ஒருவன். அவனைக் கண்டெடுத்தவரும் அவர்தான். வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவன் இரண்டு படி ஏறும் வரையில் அவருக்கு அவனால் பெருமை. மூன்றாவது படியில் கால் வைத்தானோ இல்லையோ, அவர் முகம் மாறுகிறது. அவன் மனம் கசக்கிறது. பிறகென்ன? புகார், புறங்கூறல், பிளவு! இரண்டு நல்ல தலைகள் முட்டிக்கொள்வதை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமும் கூடிவிடுகிறது.

வீட்டிலே விளக்கெரிகிறதே, ஆலையிலே சக்கரம் சுழல்கிறதே, அந்த மின்னாற்றலுக்கு வழி திறந்தவர்களில் தலையாயவர் மைக்கேல் பாரடே. அவர் வாழ்விலும் இந்தக் காட்சி வந்தது. அதை அவர் கடந்து சென்ற விதம், காந்தமும் கம்பியும் கொண்டு அவர் செய்த சோதனைகளைப் போலவே கூர்ந்து நோக்கத் தக்கது.

1791இல் இலண்டனை அடுத்த ஒரு சிற்றூரில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தான் மைக்கேல். தந்தை நோயாளி. வீட்டிலே வறுமை. 1801இல் தானிய விலை தாறுமாறாக ஏறியபோது, வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டி என்று பையனுக்கு அளந்து கொடுத்தார்களாம். பள்ளிப் படிப்பு என்பது எழுத்தும் எண்ணும் மட்டுமே. பதின்மூன்றாம் வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலை. மறு ஆண்டு முதல் அங்கேயே ஏழாண்டுகள் புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி. கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவன் கட்டினான். அதோடு நில்லாமல் படித்தான்! கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தான். கிடைத்த காசில் கருவி செய்து சோதித்துப் பார்த்தான்.

அந்நாளில் இலண்டன் மாநகரின் அறிவுலகத்தில் ஒளிவீசிய பெயர் ஹம்பிரி டேவி. அவரும் கோமான் வீட்டுப் பிள்ளையல்லர். கார்ன்வால் பகுதியில் மரச் சிற்பம் செதுக்கியவரின் மகன். மருந்து கலக்கும் கடையில் பயிற்சி பெற்றவர். 1807இல் பொட்டாசியம், சோடியம் ஆகிய தனிமங்களை மின்சாரத்தால் பிரித்தெடுத்து உலகை வியக்கவைத்தவர். இராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் பேசினால் சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டு வருவர். 1812இல் சர் பட்டம் கிடைத்தது. மூன்றே நாளில் செல்வச் சீமாட்டி ஒருவரை மணந்தார். தாம் ஏறிவந்த ஏணியை அவர் மறந்துவிட்டார் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஏணியின் அடிப்படியில் நின்ற ஒருவனை அவரல்லவா கண்டுகொண்டார்!

அதே 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தந்த சீட்டுகளோடு, டேவியின் கடைசி நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்றான் பாரடே. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்தான், படம் வரைந்தான், தன் கையாலேயே அழகாகக் கட்டி, ஆண்டின் இறுதியில் டேவிக்கே அனுப்பிவைத்தான். டேவி அவனை அழைத்துப் பேசினார். வாணிபம் தன்னலம் மிக்கது, அறிவியல் அதில் ஈடுபடுவோரைப் பெருந்தன்மையாளராக்குகிறது, ஆகவே தனக்கு அறிவியல் வேண்டும் என்று இளைஞன் சொன்னான். டேவி புன்னகை புரிந்தார். அறிவியலாரின் பெருந்தன்மை எப்படிப்பட்டது என்பதைச் சில ஆண்டு அனுபவமே உனக்குக் கற்றுத் தரும் என்ற பொருளில் பதில் கூறினார். பாடம் கற்றுத் தரப்போகும் ஆசிரியர் தாமே என்று அன்று அவர் எண்ணியிருப்பாரா?

1813 மார்ச்சு முதல் நாள் வேலை கிடைத்தது. சோதனைச் சாலை உதவியாளன். வாரத்துக்கு 25 ஷில்லிங். மாடியில் இரண்டு அறை. கரியும் மெழுகுவர்த்தியும் இலவசம். முன்பிருந்த உதவியாளன் கருவி செய்பவரோடு சண்டையிட்டு வேலை இழந்ததால் ஏற்பட்ட காலியிடம் அது! ஒரு பூசல் பாரடேயை உள்ளே கொண்டுவந்தது. இன்னொரு பூசல் அவரை வெளியே தள்ளப் பார்த்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பாரடேயும் அறிவியல் உதவியாளராக உடன் சென்றார். கடைசி நேரத்தில் டேவியின் பணியாள் வர மறுத்துவிட்டான். பாரிசில் வேறு ஆள் பிடிக்கும் வரையில் அந்த வேலையையும் நீயே பார்த்துக்கொள் என்றார் டேவி. பாரிசும் வந்தது, போயிற்று. ஆள் மட்டும் கிடைக்கவில்லை. காலையில் அயோடின் பற்றிய ஆராய்ச்சியில் துணை; மாலையில் எசமானின் துணிமணிக்குக் காவல்! டேவி பெரும்பாலும் அன்பாகவே நடந்துகொண்டார். சீமாட்டிக்குத்தான் கொல்லன் மகன் வேலைக்காரனாகவே தெரிந்தான். மனம் நொந்து, ஊர் திரும்பிப் பழைய தொழிலுக்கே போய்விடலாமா என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார் பாரடே. ஆனால் போகவில்லை. பிளாரன்சில் பெரிய கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்ததையும், மிலானில் முதுபெரும் வோல்ட்டாவையும் காணும் வாய்ப்பை, சீமாட்டியின் கடுஞ்சொல்லுக்காக அவர் உதறிவிடவில்லை. அதை அடிமைத்தனம் என்பார் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. எதைக் கற்க வந்தோம் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை; அவ்வளவே.

1815இல் திரும்பினர். சுரங்கத் தொழிலாளர்க்கான காப்பு விளக்கை டேவி உருவாக்கியபோது பாரடே அருகிருந்து உழைத்தார்; அந்த உதவியை டேவி அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அதுவரை வானம் தெளிவு.

மேகம் சூழ்ந்தது 1821இல். மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கிறது என்று டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் முந்திய ஆண்டில் காட்டியிருந்தார். மின்னோட்டமுள்ள கம்பி தன் அச்சிலே சுழலக்கூடும் என்று வோல்லஸ்டன் என்ற பெரியவர் கருதி, டேவியோடு சேர்ந்து முயன்றார், பலிக்கவில்லை. அந்தப் பேச்சு பாரடேயின் காதிலும் விழுந்தது. செப்டம்பரில், பாதரசக் கிண்ணத்தில் கம்பியொன்று காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வரும்படி பாரடே செய்துகாட்டினார். மின் மோட்டாருக்கு அதுவே வித்து. வோல்லஸ்டன் எண்ணியதும் இவர் செய்ததும் வேறு வேறு. ஆனாலும் அவசர அவசரமாகக் கட்டுரையை அச்சுக்குக் கொடுத்தார். வோல்லஸ்டன் பெயரை அதில் குறிப்பிடவில்லை. அவரைத் தேடிச் சென்றாராம், அவர் ஊரில் இல்லையாம். இருக்கட்டும், கட்டுரையை ஒரு மாதம் நிறுத்தி வைத்திருக்கலாமே! இங்கே பாரடே மீது குறையுண்டு. புகழை எட்டிப் பிடிக்கும் வேகத்தில் மூத்தவருக்குரிய ஒரு வரியை விட்டுவிட்டார். திருடன் என்ற பேச்சு ஊரெங்கும் கிளம்பியது. டேவி வாய் திறந்திருந்தால் அது அடங்கியிருக்கும், அவர் திறக்கவில்லை.

பாரடே என்ன செய்தார்? ஆள் சேர்க்கவில்லை, அறைக்கு அறை சென்று அழவில்லை. நேராக வோல்லஸ்டனுக்கே எழுதினார். தவறு எதுவென்று கேட்டார். அந்தப் பெரியவருக்குப் பகை இல்லை. வந்து சோதனையைப் பார்த்தார். 1823இல் நடந்தவற்றையெல்லாம் வரிசையாக எழுதி, வோல்லஸ்டனிடம் காட்டி, அதன் பிறகே வெளியிட்டார் பாரடே.

அதற்குள் அடுத்த உரசல்! 1823இல் குளோரின் படிகத்தை மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடேற்றும்படி டேவி சொன்னார், பாரடே செய்தார், குழாயில் எண்ணெய் போலத் திரவம் தோன்றியது. வாயுவான குளோரின் திரவமாகியிருந்தது! பாரடே கட்டுரை எழுத, இதை எதிர்பார்த்தே யோசனை சொன்னேன் என்ற பொருள்படும் குறிப்பொன்றைப் பின்னால் சேர்த்தார் டேவி. யோசனை அவருடையது, கை இவருடையது. இதில் யாருக்கு எத்தனை பங்கு என்று தராசில் நிறுத்துச் சொல்ல யாரால் முடியும்? பாரடே மீண்டும் வரலாற்றைப் புரட்டினார். தமக்கும் டேவிக்கும் முன்பே வாயுக்களைத் திரவமாக்கியவர்கள் உண்டு என்று அவரே எழுதி வெளியிட்டார். பங்குச் சண்டையில் தம் பங்கையும் குறைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னவரோடு மேலும் சண்டை போடுவது எப்படி!

உச்சக் காட்சி அதே 1823இல். பாரடேயை இராயல் சொசைட்டியின் உறுப்பினராக்க வேண்டுமென்று அறிஞர்கள் பலர் கையொப்பமிட்டுப் பத்திரம் வைத்தனர். முதல் கையொப்பம் யாருடையது தெரியுமா? வோல்லஸ்டனுடையது! தலைவர் நாற்காலியில் இருந்தவரோ டேவி. பத்திரத்தை எடுத்துவிடு என்று பாரடேயை வற்புறுத்தினார். வைத்தவன் நானல்லேன், என்னால் எடுக்க இயலாது என்றார் பாரடே. வைத்தவர்களை எடுக்கச் சொல் என்றார் டேவி. அவர்கள் எடுக்கமாட்டார்கள் என்றார் இவர். அப்படியானால் தலைவன் என்ற முறையில் நானே எடுப்பேன் என்றார் அவர். சொசைட்டிக்கு நலமென்று தாங்கள் கருதுவதையே தாங்கள் செய்வீர்கள் என்று பணிவோடு சொல்லி நிறுத்திக்கொண்டார் பாரடே.

எண்ணிப் பாருங்கள். குரல் உயரவில்லை, ஒரு மரியாதைச் சொல்லும் குறையவில்லை, ஆனால் ஓர் அங்குலமும் நகரவில்லை. 1824 சனவரி 8இல் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்ப்பைக் காட்டும் கருங்குண்டு ஒன்றே ஒன்றுதான் பெட்டியில் விழுந்திருந்தது. போட்ட கை யாருடையது என்பது மறைவாக்கெடுப்பின் இரகசியம். அதை டேவியின் தலையில் கட்டுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். தம் ஆளையே உள்ளே கொண்டுவந்தார் என்ற பழிக்கு அஞ்சியே டேவி எதிர்த்தார் என்று வாதாடுவோரும் உண்டு. அச்சமும் இருந்திருக்கலாம், அழுக்காறும் இருந்திருக்கலாம். மனித நெஞ்சில் இரண்டுக்கும் இடமுண்டே.

ஏனெனில் அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். 1825 பிப்ரவரியில் பாரடே சோதனைச் சாலையின் இயக்குநரானார். பரிந்துரைத்தவர் அதே டேவி! உறுப்பினர் பதவியைத் தடுக்க முயன்ற கைதான் இயக்குநர் நாற்காலியையும் இழுத்துப் போட்டது. வெற்றி பெற்ற அன்று பாரடே வாய்க்கு வந்தபடி பேசியிருந்தால் அந்தக் கை நீண்டிருக்குமா?

பழைய நெருக்கம் மட்டும் திரும்பவில்லை. டேவி நோயுற்றார், தலைமையை விட்டார், 1829 மே மாதம் ஜெனீவாவில் மறைந்தார். டேவியின் காலத்தில் தொடங்கிய கண்ணாடி ஆராய்ச்சியில் ஆண்டுக்கணக்கில் சிக்கியிருந்த பாரடே, அதிலிருந்து விடுபட்ட பின் 1831 ஆகஸ்ட் 29இல் மின்தூண்டலைக் கண்டார். மின்சார நிலையங்களெல்லாம் அன்றைய இரும்பு வளையத்தின் வழிவந்தவையே.

அவர் மேலதிகாரியானபோது எப்படி இருந்தார் என்று கேட்பீர்கள். அவருக்கு வாய்த்த உதவியாளர் ஆண்டர்சன், பீரங்கிப் படையில் சார்ஜண்டாக இருந்தவர். சொன்னதைச் செய்வார், அதற்குமேல் ஆசைப்படமாட்டார். ஆண்டுக்கணக்கில் இருவருக்கும் பூசலே இல்லை. ஆனால் தம்மைப்போல ஓர் இளைஞனைப் பிடித்துவந்து பக்கத்தில் நிறுத்தவும் பாரடே முனையவில்லை. ஆசையுள்ளவனை அருகில் வைத்துக்கொள்ளும் தொல்லையை டேவி ஏற்றார், பாரடே ஏற்கவில்லை. இந்தக் கணக்கில் டேவிக்கே ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரவேண்டியிருக்கிறது!

டேவி மறைந்து சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் டூமா இலண்டன் வந்தார். உணவு மேசையில் பேச்சு டேவியின் பக்கம் திரும்பியபோது, டேவியைப் பாரடே புகழ, டூமா அதிக உற்சாகம் காட்டாமல் பதில் சொன்னார்; அதைப் பாரடே கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. உணவு முடிந்ததும் பாரடே அவரை அழைத்துச் சென்று டேவியின் படத்துக்கு முன் நிறுத்தினார். எத்தகைய பெரிய மனிதர் என்று வியந்தார். பிறகு சோதனைச் சாலைக்குள் கூட்டிச்சென்று, பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்துப் பிரித்து, பொட்டாசியத்தைக் கண்ட நாளில் டேவி தம் கையால் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினார்.