உமர் முக்தார்: ஒரு பேரரசின் படை அஞ்சிய குர்ஆன் ஆசான்

எகிப்தின் உரிமைக்காகப் போராடி 1882ஆம் ஆண்டு தெல் எல் கபீர் சமரில் தோல்வியுற்ற ஒராபி பாஷா, 1883ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் வாழ்ந்த அவர் 1901இல் தாயகம் திரும்பினார். கண்டி, அக்குறணை, அலவத்துகொட பகுதி மக்களுக்கு வட ஆபிரிக்காவின் விடுதலை வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று என்பதற்கு அவரது வாழ்வே சான்று. 1911 செப்டெம்பர் 21ஆம் திகதி ஒராபி பாஷா காலமானார். அதற்கு எட்டு நாட்களின் பின்னர், எகிப்தின் அயல்நாடான லிபியாவைக் கைப்பற்றும் நோக்குடன் உஸ்மானியப் பேரரசின் மீது இத்தாலி போர்ப் பிரகடனம் செய்தது. அந்த யுத்தம் உலகுக்கு அறிமுகப்படுத்திய மாமனிதரே உமர் முக்தார்.

கிழக்கு லிபியாவின் பர்கா பிரதேசத்தில் 1858ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அவர். ஹஜ் பயணத்தின்போது தந்தை இறந்துவிட, இளமையிலேயே அநாதையானார். ஸனூஸி இயக்கத்தின் தலைமையகமான ஜக்பூபில் எட்டு ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றார். பின்னர் ஒரு ஸாவியாவின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். ஸாவியா என்பது தொழுமிடம், பாடசாலை, வழிப்போக்கர் விடுதி, விளைநிலம் யாவும் ஒருங்கே அமைந்த நிலையமாகும். கோத்திரங்களுக்கிடையிலான பிணக்குகளும் அங்குதான் தீர்த்து வைக்கப்பட்டன. பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவாறே பாலைவன மக்களின் மனங்களையும் மலைப்பாதைகளையும் உமர் முக்தார் அறிந்து கொண்டார். சாட் பிரதேசத்தில் பிரெஞ்சுப் படைகளுக்கு எதிரான போரிலும் பங்கு கொண்டார்.

1911 ஒக்டோபரில் இத்தாலியக் கடற்படை திரிப்போலி நகரைத் தாக்கியது. விமானத்திலிருந்து குண்டு வீசுதல் என்பது உலக வரலாற்றில் முதன்முதலாக நிகழ்ந்ததும் இந்தப் போரில்தான். அடுத்த ஆண்டே உஸ்மானியர் உடன்படிக்கை செய்து விலகிவிட்டனர். ஆயினும் ஸனூஸிகளின் எதிர்ப்பு தொடர்ந்தது. 1922இல் முசோலினியின் பாசிச ஆட்சி ரோமில் அமைந்ததும் முந்தைய உடன்பாடுகள் கைவிடப்பட்டன. ஸனூஸித் தலைவர் இத்ரீஸ் எகிப்தில் அடைக்கலம் புகுந்தார். 1923இல் அவரை எகிப்தில் சந்தித்துத் திரும்பிய உமர் முக்தார், ஜபல் அல் அக்ழர் எனப்படும் பசுமலைப் பகுதியில் போராட்டத்தின் தலைமையை ஏற்றார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

அவருக்கு எதிராக நின்றது இத்தாலியின் அரச குடியேற்றப் படை. அதிகாரிகள் இத்தாலியர், போர்வீரர்களில் பெருந்தொகையினர் எரித்திரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். லிபியர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். ஓர் அடிமை நாட்டின் மைந்தரைக் கொண்டு இன்னோர் அடிமை நாட்டை அடக்குவதே குடியேற்ற ஆட்சியின் வழமையான தந்திரம். கவச வாகனங்கள், பீரங்கிகள், விமானங்கள் அனைத்தும் இப்படையிடம் இருந்தன. உமர் முக்தாரிடம் இருந்தவையோ குதிரைகளும் துப்பாக்கிகளும் மட்டுமே. ஆயினும் ஒவ்வொரு கோத்திரமும் தன் குழுவுக்கு ஆளும் உணவும் அளித்தது. வீழ்ந்தவரின் இடத்தை அதே கோத்திரத்தின் மற்றொருவர் நிரப்பினார். பகலில் அடங்கியிருப்பதாகத் தோன்றிய கிராமங்கள் இரவில் போராளிகளுக்கு உதவின. 1929இல் ஆளுநர் படோலியோ நேரடியாகப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. அப்பேச்சு சில மாதங்களிலேயே முறிந்தது.

1930 மார்ச்சில் ஜெனரல் கிரசியானி பர்காவின் பொறுப்பை ஏற்றார். போராளிகளை வெல்ல முடியாதவிடத்து, அவர்களைத் தாங்கி நின்ற மக்களையே அகற்றிவிட அவர் தீர்மானித்தார். ஸாவியாக்கள் மூடப்பட்டு அவற்றின் சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பசுமலையிலும் அதனைச் சூழவும் வாழ்ந்த சுமார் ஒரு இலட்சம் மக்கள் ஸுலூக், அல் அகைலா, மக்ரூன் முதலிய இடங்களில் முட்கம்பி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். பசியாலும் நோயாலும் அங்கே மாண்டவர்கள் 40,000க்கும் அதிகம் என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். மக்களின் வாழ்வாதாரமான ஆடுகளும் ஒட்டகங்களும் பெருமளவில் அழிந்தன. 1931இல் எகிப்திய எல்லையோரம், கடற்கரையிலிருந்து ஜக்பூப் வரை ஏறத்தாழ 270 கிலோமீற்றர் நீளத்துக்கு முட்கம்பி வேலி எழுப்பப்பட்டது. உணவும் ஆயுதமும் வரும் இறுதி வழியும் அடைபட்டது.

1931 செப்டெம்பர் 11ஆம் திகதி, ஒரு சிறு மோதலில் குதிரை வீழ்ந்ததால் உமர் முக்தார் சிறைப்பட்டார். 15ஆம் திகதி பெங்காசியில் விசாரணை என்ற பெயரில் ஒரு சடங்கு நடந்தது. அவர் போர்க்கைதியாகக் கருதப்படவில்லை. இத்தாலிக்கு எதிராகக் கிளர்ந்த துரோகியாகவே நடத்தப்பட்டார். இத்தாலியின் ஆட்சிக்கு ஒருபோதும் அடிபணியாத ஒருவர் அதற்குத் துரோகம் இழைத்தார் என்பது எத்தகைய நீதி? மறுநாள் ஸுலூக் முகாமில், அங்கே அடைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான மக்களின் கண்முன்னே, எழுபது வயதைக் கடந்த அம்முதியவர் தூக்கிலிடப்பட்டார். ஒராபி பாஷாவின் மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. உமர் முக்தாருக்கு அந்தச் சலுகைகூடக் கிட்டவில்லை.

அவரது மறைவின் பின் சில மாதங்களில், 1932 ஜனவரியில், எதிர்ப்பு முற்றாக அடக்கப்பட்டதாக இத்தாலி அறிவித்தது. அந்த வெற்றி ஒன்பது ஆண்டுகளே நிலைத்தது. 1940 செப்டெம்பரில் அதே கிரசியானியின் படை எகிப்துக்குள் நுழைந்தது. டிசெம்பரில் ஸிதி பர்ரானியில் அப்படையை முறியடித்தவர்களுள் பஞ்சாப் முஸ்லிம்களும் இடம்பெற்ற நான்காவது இந்தியப் படைப்பிரிவு முன்னின்றது. 1941 பெப்ரவரிக்குள் சுமார் 1,30,000 இத்தாலியத் தரப்புப் படையினர் சிறைப்பட்டனர். 1951 டிசெம்பர் 24ஆம் திகதி, முன்னர் எகிப்தில் அடைக்கலம் புகுந்த இத்ரீஸின் தலைமையில் லிபியா சுதந்திர நாடாயிற்று.

போர்க்களத்தில் தோற்ற கிரசியானி, லிபிய மக்களுக்கு இழைத்த கொடுமைக்காக எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. ஜேர்மனிய நாஜிகளுடன் ஒத்துழைத்தமைக்காக 1950இல் விதிக்கப்பட்ட 19 ஆண்டுச் சிறைத் தண்டனையும் சில மாதங்களிலேயே முடிவுற்றது. அலவத்துகொடவைக் கடந்து செல்லும் வீதி நம்மை இட்டுச் செல்லும் மாத்தளையில் 1848இல் எழுந்த கிளர்ச்சியை இங்கே நினைவுகூரலாம். அதனைக் கொடூரமாக அடக்கிய ஆளுநர் டொரிங்டன் பிரபுவின் செயல்கள் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் விசாரணைக்குள்ளாயின. அவர் 1850இல் பதவி விலக நேர்ந்தது. லிபிய மக்களுக்கு அந்த அற்ப நீதியும் கிடைக்கவில்லை. உமர் முக்தாரின் வரலாற்றைச் சித்திரித்து 1981இல் வெளிவந்த திரைப்படத்தைக்கூட இத்தாலி பல்லாண்டுகள் தடுத்து வைத்தது. 2008இல்தான் இத்தாலி 500 கோடி டொலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. அந்த உடன்படிக்கையிலும் அகதிகளின் படகுகளைத் தடுக்கும் ஏற்பாடு இணைக்கப்பட்டிருந்தது.

மக்களை முட்கம்பிக்குள் அடைத்த பின்னரே இத்தாலியப் படையால் ஒரு முதிய ஆசானை வெல்ல முடிந்தது. அந்தப் படை பெற்ற பதக்கங்களை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஸுலூக்கில் தூக்கிலிடப்பட்டவரின் பெயரோ பள்ளிவாசல்களிலும் வீதிகளிலும் பிள்ளைகளின் பெயர்களிலும் வாழ்கின்றது. பயங்கரவாதத்தை ஒழிப்பதாகக் கூறி ஒரு மக்கள் கூட்டத்தையே பட்டினியிட்டு வேலிக்குள் அடைக்கும் ஆட்சியாளர்கள் எக்காலத்திலும் இருக்கின்றனர். அவர்கள் பர்காவின் இந்த வரலாற்றைப் படிக்கக் கடமைப்பட்டவர்கள்.