ச. வெ. இராமன்

சர் சந்திரசேகர வெங்கட ராமன் (நவம்பர் 7, 1888 - நவம்பர் 21, 1970) தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இயற்பியலாளர் ஆவார். இராமன் விளைவுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற இவர், அதற்கு முன்பே இசைக்கருவிகளின் ஒலியியலில் பெயர் பெற்றிருந்தார். அப்பரிசின் புகழொளியில் இப்பணி பெரிதும் மறைந்து போயிற்று.

வாழ்க்கை

தந்தை சந்திரசேகர ஐயர் கணித, இயற்பியல் ஆசிரியர், வயலின் வாசிப்பவர். மனைவி லோகசுந்தரி வீணை பயின்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற இராமன், 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் பௌபசார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917இல் அரசுப் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

ஒலியியல் ஆய்வுகள்

ஒரு கருவியின் இயக்கத்தை அறிந்தால் அதன் ஒலியைக் கணக்கிட்டுக் கூற இயலுமா என்பதே இவரது வினா. வில்லால் மீட்டப்படும் கம்பியின் அதிர்வுகள் குறித்த இவரது நூல் 1918இல் வெளியானது. 1920இல் இயந்திரத்தால் வாசிக்கப்படும் வயலின் ஒன்றை அமைத்தார். அதில் வில் நிலையாக இருக்க வயலினே நகரும். கம்பி சீராக ஒலிக்க வில் குறைந்தது எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது இதனால் அளக்கப்பட்டது.

சாதாரண வட்டத் தோலின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒழுங்கற்று அமைவதால் பறையொலியில் சுருதி தெளிவாக இராது. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரணை என்னும் கரும்பூச்சு இம்மேற்சுரங்களை 2, 3, 4, 5 மடங்குகளுக்கு அருகே கொணர்கிறது. இதனை சிவகாளி குமாருடன் 1920இல் நேச்சர் இதழிலும், 1934இல் விரிவாகவும் வெளியிட்டார். கம்பியை மீட்டும் புள்ளியில் கணு உடைய மேற்சுரங்கள் ஒலிக்கலாகாது என்பது பழைய விதி. தம்பூரா, வீணை ஆகியவற்றின் வளைந்த குதிரை அவ்விதியை மீறுவதையும் காட்டினார்.

இதே வினா வானூர்திகளுக்கும் எழுந்தது. 1936இல் சோவியத் அறிஞர் குட்டின், சுழல்விசிறியின் இரைச்சலை அதன் அலகுகள் காற்றின் மீது செலுத்தும் விசையிலிருந்து கணக்கிட்டார். நிமிடத்திற்கு 1200 முறை சுழலும் ஈரலகு விசிறியின் அடிப்படை அதிர்வெண் 40 எர்ட்சு. அதன் மேற்சுரங்கள் முழு மடங்குகளே. மிருதங்கம் பூச்சினால் பெறும் ஒழுங்கு, விசிறிக்குச் சீரான சுழற்சியாலேயே வாய்க்கிறது.

இராமன் 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1935-36இல் நாகேந்திர நாத்துடன், மீயொலி அலைகள் ஒளியைச் சிதறச் செய்வதை விளக்கினார். 1948இல் இராமன் ஆய்வுக் கழகத்தை நிறுவினார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970இல் பெங்களூரில் காலமானார்.