டாக்டர் பாண்டிங்

நீரிழிவுக்காரர் இல்லாத குடும்பம் நம்மில் அரிது. இன்சுலின் பிறந்த கதையை வியாபாரிகளாகிய நாம் அறிதல் நலம்.

கனடா நாட்டு டாக்டர் பிரெடரிக் பாண்டிங் (1891–1941) நடத்திய வைத்தியசாலை, வாடிக்கை இல்லாத கடைபோல் இருந்தது. 1920-ல் ஒரு பிரேதப் பரிசோதனைக் குறிப்பைப் படித்தார். கல் அடைத்த கணையத்தில் மற்றவை சுருங்கியும், சர்க்கரையை அடக்கும் பகுதி பிழைத்திருந்ததாம். அங்கே உதித்தது யோசனை.

1921-ல் டொராண்டோ சர்வகலாசாலைப் பேராசிரியர் மக்லியாட், முழு நம்பிக்கை இல்லாமலே ஓர் அறை, பத்து நாய்கள், பெஸ்ட் என்ற மாணவர், இவ்வளவே கைமுதலாகத் தந்தார். பாண்டிங்குக்குச் சம்பளமில்லை. 1922 ஜனவரியில், காலிப் சுத்திகரித்த மருந்தால் 14 வயதுச் சிறுவன் பிழைத்தான். மறு ஆண்டு நோபல் பரிசு! காப்புரிமையையோ, தலைக்கு ஒரு டாலருக்குச் சர்வகலாசாலைக்கே கொடுத்துவிட்டனர்.

நமது தர்ம நிதியிலும் இளம் டாக்டரின் முதல் ஆராய்ச்சிக்கு ஒரு பங்கு ஒதுக்கலாகாதா? அதுவும் ஸதக்கா ஜாரியாவே.