மரண பயத்தைப் படுத்துக்கொண்டே சந்தித்த 16 வயசுப் பையன்: திருச்சுழி ரமணரும் ஓசிடி சிகிச்சையும்

அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி போகிற வழியில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிறது திருச்சுழி. பூமிநாதர் கோயில் பக்கத்து வீட்டில் 1879 டிசம்பர் 30-ல் வேங்கடராமன் பிறந்தான். அப்பா சுந்தரமய்யர் உள்ளூர் கோர்ட்டில் வாதாடியவர். 1892-ல் அவர் இறந்ததும் பையன் மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனான். படிப்பு சுமார்தான். ஆனா ஃபுட்பால் பிடிக்கும்.

1896 ஜூலை. சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் திடீரென வந்தது. உடம்புக்கு ஒண்ணுமில்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை, டாக்டரைத் தேடவில்லை. பிணம் மாதிரி விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, இந்த உடம்பை எரித்துவிட்டால் நானும் போய்விடுவேனா என்று உள்ளே பார்த்தான். அந்தப் பயம் பிறகு அவனிடம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 29-ல் அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறினான். வழியில் காசு தீர, கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அங்கே பல வருஷம் பெரும்பாலும் மௌனம். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்கள்தான் ‘நான் யார்?’ நூல். எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் ஓடாதே, அது யாருக்கு வந்தது என்று பார் என்பதே அதன் சாரம்.

சரி, இதுக்கும் ஓசிடிக்கும் என்ன சம்பந்தம்? ரமணருக்கு ஓசிடி இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓசிடிக்கு இன்று முக்கியமான பேச்சு சிகிச்சையும் பயத்தைவிட்டு ஓடாமல் இருக்கத்தான் பழக்குகிறது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் இதற்கு அடித்தளம் போட்டார். பூஜையறையில் சாமியைப் பற்றி அசிங்கமான எண்ணம் வருகிறது, அதை அழிக்க மந்திரத்தை 108 தடவை, தப்பாகிவிட்டதோ என்று மறுபடி 108. சிகிச்சையில் அந்த இரண்டாவது ரவுண்டைச் செய்யாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை இருக்கச் சொல்வார்கள். ஒரே நாளில் அல்ல, படிப்படியாக.

நம்பிக்கையை விடச் சொல்ல மாட்டார்களா? நல்ல தெரபிஸ்ட் சொல்ல மாட்டார். உங்கள் வீட்டு வழக்கம் எத்தனை முறை கேட்கிறது என்று விசாரிப்பார். தேவைப்பட்டால், நீங்கள் சம்மதித்தால், நீங்கள் மதிக்கும் குருக்களிடமோ பாதிரியாரிடமோ இமாமிடமோ கேட்பார். வழக்கம் ஒரு முறை என்றால் ஒரு முறை. பக்தி அப்படியே இருக்கும், பயத்துக்காகச் செய்வது மட்டும் குறையும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ‘நான் யார்?’ என்ற கேள்வியையே ஓசிடி இருப்பவர் நாள் முழுக்க மனசுக்குள் உருட்டினால், அதுவும் இன்னொரு சடங்காகிவிடும். அதனால் ரமணரைப் படித்துவிட்டு தனியாகச் சிகிச்சை செய்துகொள்வது வேண்டாம். அரசின் டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ரமணரே டாக்டர்களை ஒதுக்கியவர் இல்லை. இடது கையில் புற்றுக்கட்டி வந்தபோது 1949-ல் 4 ஆபரேஷன்களுக்குக் கையை நீட்டினார். கையையே எடுக்கலாம் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார். 1950 ஏப்ரல் 14 இரவு, பக்தர்கள் வெளியே பாடிக்கொண்டிருக்க, மூச்சு நின்றது.