நான்கு வருஷம் அதிகம் என்று நினைத்த முதல்வர்



மலருக்கு ஒரு கட்டுரை வேணும் என்று கேட்டபோது, ஹாஸ்டல் ஞாபகங்களை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நம் கல்லூரிக்கு வித்திட்ட ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதுகிறேன். நான்கு வருஷம் இங்கே படித்தும் அவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள முயன்றதே இல்லை. அந்தக் கடனை இப்போது கொஞ்சம் அடைக்கிறேன்.

கோவை அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போனால், ஹோப் காலேஜ் என்று ஒரு ஸ்டாப் வரும். அங்கே அந்தக் கல்லூரி இப்போது இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. 1945-ல் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் தொடங்கிய கல்லூரிதான், பிற்பாடு தடாகம் ரோட்டுக்கு வந்து, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகி, உங்களையும் என்னையும் இன்ஜினியர் ஆக்கியது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார். ஒருநாள் வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மனசு அதிலேயே நின்றுவிட்டது. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை செய்து, காசு சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அதுதான் அவர் படித்த காலேஜ்.

பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, பம்பாய் வரை போய், கையிலிருந்ததை எல்லாம் இழந்தார். அதன் பிறகு ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ், 1933 வாக்கில் சுமார் 280 பஸ்கள் கொண்ட யூ.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். நாமக்கல் பக்கத்துக் கிணறுகளில் ஓடிய கோயமுத்தூர் மோட்டார்களுக்கு எல்லாம் மூத்த அண்ணன் அதுதான்.

பேட்டரியில் ஓடும் சவர ரேஸர், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு மெஷின், 1941-ல் எழுபது ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ என்று அவர் செய்தவை ஏராளம். 1952-ல் இரண்டாயிரம் ரூபாயில் இரண்டு பேர் போகும் கார் செய்தார். லைசென்ஸ் கிடைக்காததால் உற்பத்திக்குப் போகாமலே நின்றுவிட்டது.

1944-ல் மோட்டார் தொழிலை நேரடியாகப் பார்ப்பதிலிருந்து ஒதுங்கி, ஆராய்ச்சிக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் என்று பணத்தைத் திருப்பிவிட்டார். அடுத்த வருஷமே அவர் முயற்சியிலும் நன்கொடையிலும் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. பள்ளிப் படிப்பையே முடிக்காத மனிதர் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் அதில் அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை.

காரணம், படிப்பின் காலம். நான்கு வருஷம் மாணவனுக்கு வீண், இரண்டு வருஷமே தாராளம் என்பது அவர் கணக்கு. வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு பாடப்பிரிவுகளை நடத்தலாம் என்றும் யோசனை வைத்தார். அன்றைய பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்துவிட்டார். நாம் எல்லோரும் அவர் வேண்டாம் என்ற நான்கு வருஷத்தில்தான் பட்டம் வாங்கியிருக்கிறோம்!

அவர் சொன்னது சரியா? இதற்கு எங்க பட்டறையிலிருந்துதான் எனக்குப் பதில் கிடைத்தது.

எங்க அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுபவர். டிகிரி முடித்து ஊருக்குப் போன முதல் வாரம், ஒரு லாரியின் அடிச்சட்டத்தைப் பார்க்கச் சொன்னார். நான் பேப்பரை எடுத்து எவ்வளவு லோடு தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டறையில் வேலை செய்த ஒரு தம்பி, பத்தொன்பது வயசு, பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், ஒரு கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை குறுக்கே பிடித்துப் பார்த்தான். இரண்டு அளவும் ஒத்துவரவில்லை. அரை இஞ்ச் வித்தியாசம். சட்டம் கோணல், அண்ணா என்றான். கோணல் சட்டத்துக்கு நான் போட்ட கணக்கு எதற்கு ஆகும்? அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டீ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் கதையில் மறுபாதியும் உண்டு. அதே தம்பி கட்டிய ஒரு வண்டியில், குறுக்குச் சட்டம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விரிசல் விட்டது. அவன் ஒவ்வொரு தடவையும் வெல்டிங் அடித்தான். அந்த இடத்தில் பாரம் ஏன் குவிகிறது என்று பார்க்க என் கணக்கு வேண்டியிருந்தது. பட்டியை மாற்றிப் போட்டோம், நின்றது. ஆகவே நாயுடு பாதி சரி என்பது என் எண்ணம். வருஷத்தைக் குறைப்பதை விட, கையும் கணக்கும் ஒரே கூரைக்குக் கீழே வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பிற்பாடு அந்தத் தம்பி ஒரு பெரிய கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனான். சர்டிபிகேட் இல்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நாமக்கல் பாடி பட்டறைகளிலும், திருச்செங்கோடு ரிக் வண்டி ஷெட்டுகளிலும், சங்ககிரி மெக்கானிக் கடைகளிலும் இப்படிப்பட்ட தம்பிகள் எத்தனை பேர்! பகலில் வேலை, கையில் தொழில், காகிதம் மட்டும் இல்லை. வெவ்வேறு நேரத்தில் வகுப்பு நடத்தலாம் என்ற நாயுடுவின் யோசனை இவர்களுக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

நாயுடு 1974 ஜனவரி 4-ந் தேதி, எண்பது வயதில் காலமானார். அவர் கேட்ட கேள்வி நம்மிடம் பாக்கி இருக்கிறது.

இந்த வருஷம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்க பட்டறையைத் திறந்து வைக்கிறேன். டிராயிங் படிக்க, அளவுக் கருவி பிடிக்க, கொஞ்சம் கணக்குப் போடக் கற்றுத்தர ஆள் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக ஐ.டி.ஐ. தொழிற்தேர்வு எழுத வழி இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பவும் துணை வேண்டும். சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் உள்ள அண்ணன்மார்கள் மாதம் ஒரு ஞாயிறு தந்தால் போதும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் லீவுக்கு ஊருக்கு வரும்போது வாருங்கள். கற்றுத்தருவதற்கு மட்டுமல்ல, கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளவும் வாருங்கள். மறுநாள் சட்டையில் கிரீஸ் கறை இருந்தால் வருத்தப்படாதீர்கள். நம் முதல் முதல்வரின் சட்டையிலும் அது இருந்திருக்கும்.