நுணுக்குக்காட்டியின் முன் ஒரு நாவலாசிரியர்

நாவலாசிரியராக உலகறிந்த விளாடிமிர் நபோக்கோவ் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியிலும் வல்லவர் என்பதை நம்மவருட் பலர் அறியார். ஆதலின் அதனையே ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

1899ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் செல்வக் குடியிற் பிறந்த இவர், இளமை முதலே வண்ணத்துப்பூச்சிகளைத் தேடித் திரிந்தார். புரட்சியின் பின், 1919இல் குடும்பத்துடன் தாய்நாடு துறந்தார். 1940இல் அமெரிக்கா சேர்ந்தார்.

ஆங்கு ஹாவாட் பல்கலைக்கழக நூதனசாலையில் நீல வண்ணத்துப்பூச்சிகளை ஆராயலானார். அவற்றின் சிறகுகள் நிறத்தாலும் புள்ளிகளாலும் ஒத்திருந்து மயக்கந் தருவன. ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்போ இனத்துக்கினம் வேறுபடுவது. எனவே, வயிற்று நுனியைப் பிரித்தெடுத்து, அவ்வுறுப்பின் கொக்கி போன்ற வன்பகுதிகளை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அளந்து, வரைந்து, இனங்களை வகுத்தார். இடையறா உழைப்பினாற் கண்பார்வையும் குன்றிற்று.

அப்பூச்சிகளின் மூதாதைகள் ஆசியாவிலிருந்து பேரிங் நீரிணை வழியாக ஐந்து முறை அலையலையாக அமெரிக்கா புகுந்தன என 1945இல் இவர் எழுதினார். அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. 1977இல் இவர் மறைந்தார். 2011இல் வெளியான மரபணு ஆய்வு அக்கருத்தை மெய்ப்பித்தது.

விலங்கியலிற் பட்டம் பெறாத இவருக்குப் பொறுமையே துணையாயிற்று. மாணவர்காள்! புறத்தோற்றங் கண்டு முடிவு கொள்ளாது நுணுகி நோக்கும் அப்பொறுமை நமக்கும் வாய்ப்பதாக.